உருளைக்கிழங்கும் ஒன்றரை கிலோவாட்டும்

(மூன்றாம் ஆண்டு, மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை)



"ஆண்டு மலருக்கு என்னடா எழுதப் போறே?" என்று மலர்க்குழு நண்பன் கேட்டான். "உருளைக்கிழங்கு வறுவல்" என்றேன். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தான். "ஏன்டா, மூணு வருஷம் டிரிபிள்-ஈ படிச்சுட்டு சமையல் குறிப்பா? சோலார், ரோபோன்னு எதாவது எழுதக் கூடாதா?" என்றான். சோலாரைப் பற்றி எழுத நம் துறையில் ஐந்து பேர் இருக்கிறார்கள். உருளைக்கிழங்கைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் கிடையாது. ஏனென்றால் நான் உருளைக்கிழங்கு சாப்பிட்டு வளர்ந்தவன் அல்ல, உருளைக்கிழங்கால் வளர்ந்தவன்!

எங்கள் ஊர் மேட்டுப்பாளையம். ஊட்டி மலையில் விளைகிற கிழங்கு லாரியில் இறங்கி வந்து விலை போவது எங்கள் ஊர் மண்டிகளில்தான். குஜராத் கிழங்கும் கோலார் கிழங்கும்கூட இங்கே வந்து இறங்கும். அப்பா அந்த மண்டியில் சுமை தூக்குகிறார். ஒரு மூட்டை 45 கிலோ. என் பரீட்சைக் கட்டணம், டிராயிங் போர்டு, கால்குலேட்டர் எல்லாம் அந்த மூட்டைகளில் இருந்து வந்தவை. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். வெட்டுப்பட்ட கிழங்கு, அடிபட்ட கிழங்கு என்று மண்டியில் ஒதுக்குவதை அப்பா பையில் போட்டுக் கொண்டு வருவார். ஆகவே எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்த நாள் உண்டு, கிழங்கு தீர்ந்த நாள் கிடையாது.

அம்மா ஸ்பின்னிங் மில்லுக்குப் போகிறார். ஷிப்ட் முடிந்து வீடு வந்து சேர ராத்திரி ஏழு மணி ஆகும். வந்ததும் சோறு, ஒரு குழம்பு, பிறகு வறுவல். எங்கள் சமையல்கட்டுக்கு மேலே சிமெண்ட் ஷீட். சித்திரை மாசத்தில் அதன் கீழே வடச்சட்டி முன்னால் நிற்பது என்றால் என்ன என்று நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் வடச்சட்டியில் ஒரு நேரத்தில் அரைக் கிலோ கிழங்குதான் வறுபடும். வீட்டில் ஐந்து பேர்: அப்பா, அம்மா, அம்மிச்சி, நான், தங்கச்சி. ஆகவே இரண்டு தடவை போட வேண்டும். முதல் சட்டி எங்களுக்கு. நாங்கள் சாப்பிடும்போது அம்மா இரண்டாவது சட்டியைக் கிண்டிக்கொண்டு நிற்பார். கடைசியில் சட்டியோடு ஒட்டிக்கொண்ட தீய்ந்ததைச் சுரண்டிச் சோற்றில் போட்டுக்கொண்டு, நின்றபடியே சாப்பிடுவார். "இதுதான்டா ருசி" என்பார். நானும் நம்பிக்கொண்டிருந்தேன்!

தங்கச்சிதான் ஒருநாள் கேட்டாள். "ஏம்மா, நீ எங்ககூட உக்காந்து சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?"

"வறுவல் தீயுது, பேசாம சாப்புடு புள்ள" என்றார் அம்மா.

இந்தக் கட்டுரைக்குக் காரணம் அந்தக் கேள்விதான்.

அம்மிச்சி வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு வீட்டில் குடும்பத்தோடு பெங்களூர் போனார்கள். போகும்போது, ரிப்பேராகிக் கிடந்த ஒரு ஓவனை, "உங்க பேரன் கரண்டு படிக்கிறானாமே, பாக்கச் சொல்லுங்க" என்று கொடுத்து அனுப்பினார்கள். (நம் பக்கம் எல்லாரும் "அவன்" என்றுதான் சொல்கிறார்கள். அப்படி எழுதினால் "எவன்?" என்று கேட்பீர்கள். ஆகவே இங்கே ஓவன்.) மைக்ரோவேவ் இல்லை இது. மேலே இரண்டு, கீழே இரண்டு ராடு சிவக்கச் சூடாகி, பெட்டிக்குள் இருப்பதைச் சுடுகிற பழைய மாதிரி, ஓ.டி.ஜி. என்பார்கள். 28 லிட்டர், 1500 வாட்.

மல்ட்டி மீட்டரை எடுத்தேன். மேல் ஜோடி 750 வாட், கீழ் ஜோடி 750 வாட். 230-ஐ 230-ஆல் பெருக்கி 750-ஆல் வகுத்தால் 70.5 ஓம் வர வேண்டும். மேல் ஜோடியில் 69 காட்டியது, சரி. கீழ் ஜோடியில் மீட்டர் அசையவே இல்லை. ஒரு ராடு உள்ளே அறுந்திருக்கிறது! கோவை டவுன்ஹால் பக்கம் ஒரு ஸ்பேர் கடையில் அதே நீளத்தில் ராடு வாங்கி மாட்டினேன். "எலக்ட்ரிக் ஹீட்டிங்" பாடத்தில் நிக்ரோம், நிக்கல் 80, குரோமியம் 20 என்று மனப்பாடம் செய்து எழுதி மார்க் வாங்கினோமே, அந்த நிக்ரோம் அன்றைக்குத்தான் எனக்கு முன்னால் சிவந்து எரிந்தது. அம்மிச்சி கையெடுத்துக் கும்பிட்டது. ஓவனையா என்னையா என்று தெரியவில்லை.

இனி முதல் நாள் கதை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை. இரண்டு கிலோ கிழங்கைப் பச்சையாக வெட்டி, மிளகாய்த்தூள், உப்பு, எண்ணெய் எல்லாம் பிரட்டி, ட்ரேயில் மலை மாதிரி குவித்து உள்ளே தள்ளினேன். மிக்சி போடுகிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலேயே ஓவனையும் சொருகினேன். முக்கால் மணி கழித்து மேலே இருந்த தூள் கரியாகி இருந்தது, நடுவில் இருந்த கிழங்கு வேகவில்லை, அடியில் இருந்தது புழுங்கிக் கொழகொழவென்று கிடந்தது. பிளக்கைத் தொட்டால் கை சுட்டது. பின் கறுத்து, பேக்கலைட் வாசனை.

அப்பா மூன்று துண்டு சாப்பிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. கை கழுவும்போதுதான் சொன்னார்: "கெழங்கு நல்ல கெழங்குதான்."

அம்மா எழுந்து போய் வடச்சட்டியை அடுப்பில் வைத்தார். அன்றைக்கும் நின்றுகொண்டேதான் சாப்பிட்டார்.

எங்கே தப்பு? இதைத்தான் அடுத்த இரண்டு மாதம் ஞாயிறுதோறும் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். (தினமும் கிழங்கு கிடைக்கிற வீடு என்பதால் தப்பித்தேன்.) தப்பு முழுவதும் ஒரே ஒரு பொருளில் இருக்கிறது. கிழங்கில் இல்லை, மசாலாவில் இல்லை. தண்ணீரில்!

உருளைக்கிழங்கை வெட்டினால் மாவு மாதிரிதான் தெரியும். ஆனால் ஒரு கிலோ கிழங்கில் முக்கால் கிலோவுக்கு மேல் தண்ணீர். நாம் சூடாக்குவது பெரும்பாலும் தண்ணீரைத்தான். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், அது நமக்குத் தெரியும். கொதித்து ஆவியாகி முடிகிற வரை சூடு 100-ஐத் தாண்டாது, அதுவும் தெரியும். இதைக் கிழங்கோடு சேர்த்து யோசிக்கத்தான் எனக்கு இரண்டு மாதம் ஆனது. ஓவனில் முள்ளை 220-க்குத் திருப்பி வைத்தாலும், கிழங்கின் மேல்பரப்பு ஈரமாக இருக்கிறவரை அந்தப் பரப்பின் சூடு 100 பக்கத்திலேயே நிற்கும். அதுவரை நடப்பது வேகுதல், வறுபடுதல் அல்ல. மேலே ஈரம் போய்க் காய்ந்த பிறகுதான் சூடு ஏறத் தொடங்கும். 140 டிகிரி வாக்கில் பொன்னிறமும் அந்த வாசனையும் வரும். கிழங்கில் இருக்கிற சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சேர்ந்து நடத்துகிற வேதிவினை அது. 1912-ல் இதை விளக்கியவர் லூயி கமீல் மையார் என்ற பிரெஞ்சுக்காரர். தோசை முறுகுவதும், காப்பிக்கொட்டை வறுபடுவதும், பரோட்டாவில் புள்ளி விழுவதும் பெரும்பாலும் இதே வேலைதான்.

அப்படியானால் குவித்து வைத்தால் என்ன ஆகும்? கீழ்த் துண்டிலிருந்து கிளம்புகிற ஆவி மேல் துண்டில் முட்டி அங்கேயே ஈரமாகத் தங்கும். ஒரு துண்டு காய்வதற்குள் பக்கத்துத் துண்டு நனைத்துவிடும். நான் செய்தது வறுவல் இல்லை நண்பர்களே, இட்லிக் கொப்பரை!

இன்னொரு தப்பு, பச்சைக் கிழங்கை அப்படியே போட்டது. உள்ளே வேகவும் வெளியே வறுபடவும் ஒரே சூட்டை நம்பினால் இரண்டில் ஒன்று கெடும். உள்ளே இருக்கிற மாவுச்சத்து தண்ணீரை இழுத்து உப்பி மிருதுவாக 60, 70 டிகிரி போதும். வெளியே 140-க்கு மேல் வேண்டும். ஆகவே இரண்டையும் பிரித்துவிட வேண்டும். முதலில் தண்ணீரில் வேகவைத்து உள் வேலையை முடித்துவிட்டு, வெளி வேலையை மட்டும் ஓவனிடம் கொடுக்க வேண்டும். இங்கிலாந்தில் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு இப்படித்தான் செய்கிறார்கள். அரை வேக்காட்டுக் கிழங்கைப் பாத்திரத்தோடு குலுக்கி, காய்ந்த கொழுப்பில் போட்டு ஓவனில் வைப்பார்கள். குலுக்குவது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

சரி, செய்முறைக்கு வருவோம். ஐந்து பேருக்கு ஒரு கிலோ கிழங்கு. கிழங்கைப் பொறுக்குவது அப்பாவிடம் நான் கற்ற பாடம். நகத்தால் லேசாகத் தேய்த்தாலே தோல் உரிந்து வந்தால் அது இளங்கிழங்கு, தண்ணீர் அதிகம், குழம்புக்கு ஆகும், வறுவலுக்குச் சுமார். தோல் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கிற முற்றின கிழங்குதான் நமக்கு வேண்டும். பச்சை நிறம் ஓடிய கிழங்கு எதற்கும் வேண்டாம். வெளிச்சம் பட்டுப் பச்சையான கிழங்கில் சோலனின் என்கிற நஞ்சு கூடியிருக்கும், அது வேகவைத்தாலும் போகாது. மண்டியில் இதையெல்லாம் ஒரு பார்வையில் ஒதுக்குகிறார்கள். எனக்குச் சோலனின் என்ற பெயர் தெரியும், அப்பாவுக்குக் கிழங்கு தெரியும்.

அப்பா சொன்ன இன்னொன்று, "ஐஸ் குடோன் கெழங்கை வறுத்தா கருத்துரும்" என்பது. நான் நம்பவில்லை. பிறகு படித்துப் பார்த்தால் அதுவும் சரி! வட இந்தியாவில் மாசி, பங்குனி வாக்கில் தோண்டுகிற கிழங்கைக் குளிர்பதனக் கிடங்கில் மாசக்கணக்கில் வைக்கிறார்கள். 2, 4 டிகிரிக் குளிரில் கிழங்கின் மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறும். சர்க்கரை கூடினால் சீக்கிரம் கறுக்கும், லேசாக இனிக்கவும் செய்யும். அது மட்டுமில்லை. இப்படிச் சர்க்கரை கூடிய கிழங்கை அதிகச் சூட்டில் கருக்கினால் அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் கூடுதலாக உண்டாகும். சாப்பாட்டில் இது இருப்பதை 2002-ல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். ஆகவே கிழங்கை வீட்டு ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். சாக்கில், இருட்டில், காற்று படுகிற இடத்தில் வையுங்கள். வறுவலும் பொன்னிறத்தில் நிற்கட்டும், காப்பித்தூள் நிறம் வேண்டாம்.

தோல் சீவி, ஓர் அங்குலத் துண்டுகளாக வெட்டுங்கள். கிட்டத்தட்ட 60 துண்டு வரும். ஒரே அளவாக வெட்டுவது முக்கியம், இல்லாவிட்டால் சின்னது கரியும், பெரிசு முழிக்கும். அகலமான பாத்திரத்தில் இரண்டு லிட்டர் தண்ணீர் கொதிக்கவிட்டு, ஒரு மேசைக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி ஆப்ப சோடா போட்டுக் கிழங்கைப் போடுங்கள். மறுபடி கொதி வந்ததிலிருந்து பத்து நிமிஷம்.

சோடா எதற்கு என்று தங்கச்சி கேட்டாள். கிழங்கின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கிற பசைக்குப் பெக்டின் என்று பெயர். காரத்தன்மை உள்ள தண்ணீரில் பெக்டின் சீக்கிரம் கரையும். அதனால் துண்டின் ஓரமெல்லாம் குழைந்து பொரபொரவென்று ஆகும். புளி இதற்கு நேர் எதிர். அமிலம் பெக்டினைக் கெட்டியாக வைத்திருக்கும். "புளி ஊத்தினப்புறம் கெழங்கு வேகாது, முன்னாடியே வேக வெச்சுக்க" என்று அம்மிச்சி சொல்வதில் ஒரு கெமிஸ்ட்ரி பாடமே இருக்கிறது! ஆனால் சோடாவை அரைத் தேக்கரண்டிக்கு மேல் போடாதீர்கள். ஒருதடவை போட்டேன். சோப்பு வாசனை அடித்தது. அப்பா அன்றைக்கும் "கெழங்கு நல்ல கெழங்குதான்" என்றார்.

பத்து நிமிஷம் ஆனதும் கத்தியால் குத்திப் பாருங்கள். வெளியே சுலபமாக இறங்கி, நடுவில் லேசாகப் பிடித்தால் அதுதான் பதம். தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, கிழங்கை அதே சூடான பாத்திரத்தில் திரும்பப் போட்டு மூடாமல் இரண்டு நிமிஷம் வையுங்கள். ஆவி குபுகுபுவென்று போகும், போகட்டும். இங்கே போகிற ஒவ்வொரு சொட்டும் ஓவனில் நமக்கு மிச்சம். பிறகு நான்கு மேசைக்கரண்டி கடலெண்ணெய், கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், கொஞ்சம் உப்பு சேர்த்து, மூடி போட்டு, துணியால் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நன்றாகக் குலுக்குங்கள். பத்துப் பதினைந்து குலுக்கு. திறந்து பார்த்தால் துண்டுகள் சிராய்த்த மாதிரி, மேலெல்லாம் மாவு பூசினாற்போல இருக்கும். நம் வேலை கெட்டுவிட்டது என்று தோன்றும். கெடவில்லை! சொரசொரப்பாக இருக்கிற மேற்பரப்புக்கு, வழவழவென்று வெட்டியதைவிடப் பரப்பளவு அதிகம். ஈரம் சீக்கிரம் போகும். அந்த மாவுப் பூச்சு எண்ணெயோடு காய்ந்துதான் மொறுமொறுப்பாகிறது. குலுக்குவது இதற்குத்தான்.

ஓவனை 220 டிகிரியில், காலி ட்ரேயோடு, பதினைந்து நிமிஷம் முன்னாடியே போட்டு வைத்திருக்க வேண்டும். கிழங்கு வேகிற நேரத்தில் இது நடந்துவிடும். காய்ந்த ட்ரேயில் கிழங்கு விழும்போது சொய்ங் என்று சத்தம் வர வேண்டும். கையில் கெட்டித் துணி இருக்கட்டும், அவசரத்தில் எனக்கு முழங்கைப் பக்கம் ஒரு கோடு விழுந்தது. துண்டுகளை ஒன்றோடொன்று தொடாமல் பரப்புங்கள். எங்கள் ட்ரே 30-க்கு 25 சென்டிமீட்டர், அதாவது 750 சதுர சென்டிமீட்டர். ஓர் அங்குலத் துண்டு ஒன்றுக்கு ஆறரைச் சதுர சென்டிமீட்டர். 60 துண்டுக்கு 390. பாதி ட்ரே காலியாக இருக்கிறது! அந்தக் காலியிடம் வீண் இல்லை, ஆவி வெளியேறுகிற வழி. ட்ரே கறுப்பாக இருந்தால் இன்னும் நல்லது. பளபளப்பான தகடு ராடிலிருந்து வருகிற கதிர்வீச்சைத் திருப்பி அனுப்பிவிடும், கறுப்பு வாங்கிக்கொள்ளும்.

25 நிமிஷம் திறக்காமல் விடுங்கள். திறந்து திறந்து பார்த்தால் சூடு இறங்கும். பிறகு ஒருமுறை திருப்பிப் போடுங்கள். அடிப்பக்கம் தானாகவே விட்டு வரும். ஒட்டிக்கொண்டு வராவிட்டால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம், ஐந்து நிமிஷம் விடுங்கள். இன்னொரு 15 நிமிஷம். அதன் பிறகுதான் ஒன்றரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள், அரைத் தேக்கரண்டி சோம்புத்தூள், தட்டின பூண்டு ஆறு பல், ஒரு கைப்பிடி கறிவேப்பிலை, இவற்றை ஒரு கரண்டி எண்ணெயில் குழைத்து மேலே பிரட்டி, கடைசி ஐந்து நிமிஷம். முதலிலேயே போட்டால் மிளகாய்த்தூளும் பூண்டும் கிழங்குக்கு முன்னால் கரியும். (என் முதல் ஞாயிறு ஞாபகம் இருக்கிறதா?)

மொத்தம் ஓவனுக்குள் 45 நிமிஷம். இதில் நாம் நிற்பது எவ்வளவு நேரம் என்று கணக்குப் பார்த்தேன். திருப்பிப் போட இரண்டு நிமிஷம், மசாலா பிரட்ட இரண்டு நிமிஷம்.

நம் துறைக்காரர்கள் கரண்டைப் பற்றிக் கேட்பீர்கள். 1500-ஐ 230-ஆல் வகுத்தால் 6.5 ஆம்பியர். நம் வீட்டுச் சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்குத்தான். அரை ஆம்பியர்தானே என்று நினைத்தேன். ஆனால் ஒரு மணி நேரம் தொடர்ந்து போகிற கரண்ட் அது. தளர்ந்த காண்டாக்ட் இருந்தால் அந்த இடமே ஒரு குட்டி ஹீட்டர் ஆகிவிடும். என் பிளக் கறுத்தது அப்படித்தான். ஷீட் வீட்டில் ஒரு பொறி போதும். அதன் பிறகு லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு, மெயின் போர்டிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி தனியாக இழுத்து, 16 ஆம்பியர் பாயிண்ட், தனி எம்.சி.பி., எர்த் எல்லாம் போட்டோம். எர்த்தை விட்டுவிடாதீர்கள். ஓவனின் உடம்பு முழுக்க இரும்பு, ராடு பழசானால் லீக்கேஜ் வரும், ஈரக் கையோடு தொடுவது நம் அம்மாக்கள்.

"கரண்டு பில்லு எவ்வளவு வருமுங் கண்ணு?" என்றது அம்மிச்சி. மீட்டரை முன்னும் பின்னும் குறித்துப் பார்த்தேன். தெர்மோஸ்டாட் விட்டு விட்டு அணைப்பதால், முன்சூடும் சேர்த்து ஒரு தடவைக்கு ஒரு யூனிட்டை ஒட்டித்தான் வருகிறது. வாரம் ஒருமுறை என்றால் இரண்டு மாதத்துக்கு எட்டு, ஒன்பது யூனிட். அதில் கிழங்குக்கு உண்மையில் எவ்வளவு போகிறது? தராசில் வைத்துப் பார்த்தேன். உள்ளே போனதற்கும் வெளியே வந்ததற்கும் கால் கிலோ குறைந்திருந்தது. கால் கிலோ தண்ணீரை ஆவியாக்க ஒரு கிலோவுக்கு 2257 கிலோஜூல் என்ற கணக்கில் 564 கிலோஜூல், அதாவது 0.16 யூனிட். மீதியில் கொஞ்சம் கிழங்கைச் சூடாக்க, பெரும்பகுதி பெட்டியையும் எங்கள் சமையல்கட்டையும் சூடாக்க! எஃபிஷியன்சி என்று பார்த்தால் மெச்சும்படி இல்லை. இரண்டு பேருக்குக் கால் கிலோ வறுக்க ஓவனைப் போடுவது நியாயமில்லை, வடச்சட்டிதான் சரி. ஐந்து பேருக்கு ஒரே தடவையில், யாரும் பக்கத்தில் நிற்காமல் என்றால்தான் ஓவன்.

ஓவன் இல்லாத வீடுதான் நம்மில் பாதிப் பேருக்கு மேல் என்று எனக்குத் தெரியும். கவலை வேண்டாம், தண்ணீர்க் கணக்கு அடுப்புக்கும் ஒன்றுதான். அதே மாதிரி வேகவைத்து, வடித்து, குலுக்கி, கனமான இரும்புத் தோசைக்கல்லில் எண்ணெய் காய்ந்ததும் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். சிறு தீ. மூடவே மூடாதீர்கள், மூடினால் ஆவி திரும்ப விழும். கிண்டிக்கொண்டே இருக்கவும் வேண்டாம். ஒரு பக்கத்துக்கு ஏழெட்டு நிமிஷம் தொடாமல் விட்டு, இரண்டு மூன்று தடவை திருப்பினால் போதும். மைக்ரோவேவ் வைத்திருப்பவர்கள் அதில் மட்டும் முயன்று ஏமாற வேண்டாம். அது கிழங்குக்குள் இருக்கிற தண்ணீரைச் சூடாக்கும், சுற்றியிருக்கிற காற்று சூடாகாது, மேல்பரப்பு காயாது. வேகவைக்க வேண்டுமானால் உதவும்.

எங்கள் வீட்டில் ஒன்பதாவது ஞாயிறு சரியாக வந்தது. எட்டு மணிக்கு ட்ரேயை வெளியே எடுத்து அப்படியே நடுவில் ஒரு பலகை மேல் வைத்தேன். சோறு, ரசம், வறுவல். அம்மா வழக்கம்போல அடுப்புப் பக்கம் நின்றார். "அடுப்புதான் எரியலையே, உக்காரும்மா" என்றாள் தங்கச்சி. அம்மா உட்கார்ந்தார். தட்டில் முதல் துண்டைப் போட்டது அப்பா. அம்மிச்சிக்குப் பல் இல்லை, உள்ளே இருக்கிற மாவை மட்டும் தின்றுவிட்டு மொறுமொறுப்பைத் தங்கச்சியிடம் கொடுத்தது. பாதிச் சாப்பாட்டில் அம்மா திடீரென்று எழுந்து சமையல்கட்டுக்குள் போனார். என்னவென்று எட்டிப் பார்த்தால், அணைந்திருந்த அடுப்பையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். "என்னமோ தீயுதுன்னு நெனச்சேன்" என்று சிரித்துக்கொண்டே திரும்பி வந்து உட்கார்ந்தார்.

அப்பா அன்றைக்கு எதுவும் சொல்லவில்லை. மறுநாள் மண்டியிலிருந்து வரும்போது பையில் அடிபட்ட கிழங்கு இல்லை. ஒரே அளவாகப் பொறுக்கியெடுத்த ஊட்டிக் கிழங்கு ஒன்றரைக் கிலோ, காசு கொடுத்து வாங்கியது.

கடைசியாக ஒன்று. ட்ரே சூடாக இருக்கும்போதே வெந்நீர் ஊற்றி ஊறவைத்துவிடுங்கள், காய்ந்த பிறகு தேய்த்தால் கை போய்விடும். எங்கள் வீட்டில் அது என் வேலை.